கீழ்த்தளம் என்று எழுதுவதற்கு முன்

அடுத்த மாதம் நான் இடமாற்றத்தில் போகிறேன். நீங்கள் இருவரும் நம் வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்கு வந்து இன்னும் ஒரு மாரிகாலம்கூட முடியவில்லை. கையளிக்க வேண்டியவற்றை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். கருவிகள், அலமாரிச் சாவிகள், திருத்தக் கொடுத்த சக்கர நாற்காலிகள், வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டிய பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதி மேசையில் வைத்துவிட்டேன். அந்த வரிசையில் அடங்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன்.

பெற்றோர் வந்து பாடசாலைக்கு ஒரு கடிதம் கேட்பார்கள். நாம் படித்த பாடத்தில் அதற்கு விடை தயாராகவே இருக்கும்: கீழ்த்தள வகுப்பறை, வாசலில் படி இல்லாமை, கதவின் அகலம், மலசலகூடத்தில் கைபிடி. பெரும்பாலும் அது சரியான விடைதான். நானும் பல பிள்ளைகளுக்கு அப்படியே எழுதியிருக்கிறேன். ஹஸ்னாவுக்கும் அப்படித்தான் எழுதினேன்.

ஹஸ்னா கடலோரச் சாய்ந்தமருதுப் பிள்ளை. பிறப்பின்போது மூச்சுத் திணறியதால் இரண்டு கால்களும் இறுகிப் போனவள். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை, வாய்க்கு அதைவிட இல்லை. நான் இங்கே வேலைக்கு வந்த புதிதில் அவளுடைய குடும்பம் சுனாமிக்குப் பின் கொடுத்த தகரக் கொட்டிலில் இருந்தது. பாடசாலையும் தகரக் கொட்டிலில்தான் நடந்தது. அந்தப் பாடசாலையில் படியே கிடையாது. தன் வோக்கரைத் தள்ளிக்கொண்டு, மணலில் அது புதையும்போதெல்லாம் அதைத் திட்டிக்கொண்டு, மூன்றாம் வகுப்பு வரை அவள் மற்றப் பிள்ளைகளோடு படித்தாள்.

யுத்தம் முடிந்த பிறகு வெளிநாட்டு உதவியில் புதிய கட்டடம் எழும்பியது. மாடிக் கட்டடம். ஊர் கேட்டதும் அதைத்தான். கடல் வந்தால் பிள்ளைகள் மேலே இருக்க வேண்டும் என்று பெற்றோர் எல்லோரும் ஒரே குரலில் நின்றார்கள். ஆகவே வகுப்பறைகள் எல்லாம் மேல்மாடியில். கீழே அதிபரின் அலுவலகம், நூலகம், மண்டபம், விசேட கல்வி அலகு. கொட்டிலிலிருந்து எல்லோரும் புதுக் கட்டடத்துக்குப் போன அன்று ஹஸ்னாவின் வகுப்பு படியேறிப் போனது. ஹஸ்னா கீழே நின்றாள்.

அதிபர் நல்ல மனிதர். பிள்ளையை வீட்டுக்கு அனுப்பவில்லை. விசேட கல்வி அலகில் இருத்தினார். மற்றப் பிள்ளைகள் எழுதும் பாடத்தை ஆசிரியை கீழே கொண்டுவந்து கொடுப்பார் என்றார். முதல் கிழமை கொண்டுவந்தார்கள். பிறகு எப்போதாவது.

ஹஸ்னாவின் உம்மா றமீஸாவும் வாப்பா அன்சாரும் அவளையும் கூட்டிக்கொண்டு நம் பிரிவுக்கு வந்தார்கள். அன்சார் மோட்டார் சைக்கிளில் பாண்டிருப்பு, காரைதீவுப் பக்கம் மீன் விற்பவர். உள்ளே வராமல் கதவடியில் நின்றார். அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை ராத்தா என்றும் அவர்கள் கூப்பிடும் முறையிலேயே நானும் கூப்பிடுவேன்.

"வாங்க காக்கா, இருங்க."

"இல்ல மிஸ், மீன் வெடுக்கு. உங்கட நோயாளியள் எழும்பி ஓடிருவாங்க."

"ஓடினா நல்லந்தானே. அதுக்குத்தான் வந்திருக்காங்க," என்றேன். அதற்குப் பிறகுதான் வந்து கதிரையில் இருந்தார்.

புது வகுப்பு எப்படி என்று ஹஸ்னாவிடம் கேட்டேன்.

"அங்க நான்தான் டீச்சர், மிஸ். கடதாசி வெட்டக் குடுக்கிற, மூக்குத் துடைச்சி விடுற, ஆனா ஆவன்னா எழுதப் படிப்பிக்கிற. சம்பளம் மட்டும் இன்னம் தரல்ல."

"இவட கூட்டாளியள் எல்லாம் பெருக்கல் முடிச்சிட்டாங்க, மிஸ்," என்றார் றமீஸா. "இவ இன்னம் பூ வெட்டிக்கிட்டு இருக்கா. அந்த டீச்சர் நல்லவ, நான் குறை சொல்லல்ல. ஆனா இவக்கு அந்த வகுப்பு இல்ல. மேல ஏத்துறதுக்கு ஒரு வழி..."

நான் இடையில் புகுந்தேன். "மேல ஏத்துறது ஆபத்து, ராத்தா. படியில விழுந்தா இருக்கிறதும் கெட்டுப் போயிரும். நாலாம் வகுப்பக் கீழ இறக்கச் சொல்லிக் கேப்பம். அதுக்குச் சட்டத்தில இடம் இருக்கு."

றமீஸா என்னைப் பார்த்தார், பிறகு அன்சாரைப் பார்த்தார். "மிஸ் படிச்சவ. தெரியும்தானே," என்றார். அந்தச் சொல்லைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். உங்களுக்கும் இதை அடிக்கடி சொல்வார்கள். இப்போதெல்லாம் அதைக் கேட்டவுடன் பேனையைக் கீழே வைத்துவிடுகிறேன்.

கடிதம் போனது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் கூடியது. என்னையும் வரச் சொன்னார்கள். படிக்கட்டின் உயரம், அவளுடைய முழங்கால் மடங்கும் அளவு, விழக்கூடிய அபாயம் என்று புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டு போனேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. அதிபர் என் கடிதத்தை வாசித்தார். நாலாம் வகுப்பைக் கீழே இறக்குவது என்ற இடம் வந்தவுடன் சலசலப்புத் தொடங்கியது.

"ஒரு புள்ளைக்காக முப்பது புள்ளையக் கீழ இறக்குறதா?"

"மாடி என்னத்துக்குக் கட்டின? உடுப்புக் காயப்போடவா?"

நான் எழும்பி என் குறிப்பின் முதல் வரியைச் சொல்லத் தொடங்கினேன். பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தார். சத்தமெல்லாம் தானாக அடங்கியது. பரீதா என்று பெயர். பாடசாலையின் பின்மதிலுக்கு அந்தப் பக்கம்தான் அவருடைய வீடு இருந்தது. இப்போது அங்கே வெறும் வளவும் கிணறும் மட்டும். சுனாமியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். பிறகு பிறந்த மகன் இதே நாலாம் வகுப்புக்கு அடுத்த அறையில் படித்தான்.

"எங்கட வீட்டுக்கு மாடி இல்ல, மிஸ்," என்றார். குரல் உயரவில்லை. "பக்கத்து வீட்டு மாடிக்கு ஓடினவங்க இரிக்காங்க. என்ட ரெண்டும் கீழ நிண்டதுகள். மகளுக்கு ஏழு வயசு. இப்ப ஒரு வகுப்பையே கீழ கொண்டு வரச் சொல்றீங்க. உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். நானும் காரைதீவில் அன்று ஓடியவள்தான். கோயில் வீதியால் ஓடி, யாரோ ஒருவருடைய மொட்டை மாடியில் ஏறி, அந்தி வரை அங்கே நின்றவள். ஆனால் கடிதம் எழுதும்போது எனக்கு முன்னால் இருந்தது ஒரு பிள்ளையின் முழங்காலும் படியின் உயரமும் மட்டும்தான். கடல் அந்த அறைக்குள் வரவே இல்லை.

என் கையில் இன்னும் சொல்லாத குறிப்புகள் இருந்தன. சுற்றறிக்கை இருந்தது, பிள்ளையின் உரிமை இருந்தது. எல்லாம் உண்மை. அவற்றைச் சொல்லியிருந்தால் ஒருவேளை எழுத்தில் வென்றிருப்போம். ஆனால் அந்த மண்டபத்தில் ஒருவரும் அதற்குப் பிறகு ஹஸ்னாவின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

அப்போதுதான் றமீஸா எழுந்தார். முன்வரிசைக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பரீதா ராத்தா சொல்றது சரி. ஒரு வகுப்பையும் கீழ இறக்க வேணாம். நான் அதக் கேக்க வரல்ல. மிஸ் நல்லதுக்குத்தான் எழுதின. நான் கேக்கிறது என்ட புள்ளய மேல ஏத்துங்க எண்டு."

அதிபரின் பக்கம் திரும்பித் தொடர்ந்தார்.

"அண்டைக்கு இவக்கு ரெண்டு வயசு. நடை இல்ல. நான் இடுப்பில தூக்கிட்டு அடுத்த வீட்டு மாடியில ஏறின. நான் பக்கத்தில இருந்தபடியா இவ இருக்கா. பள்ளிக்கூடத்தில நான் பக்கத்தில இருக்க மாட்டன். ஓடக்கூடிய புள்ளயள மேல வச்சிருக்கீங்க. ஓட ஏலாததக் கீழ வச்சிருக்கீங்க. கடல் வந்தா மொதல் யாருக்கு வரும்?"

பிறகு விசேட கல்வி அலகின் பக்கம் கையைக் காட்டினார்: "என்ட புள்ள மட்டும் இல்ல. அந்த வகுப்பில இருக்கிற எல்லாப் புள்ளயும் கீழதான்."

அதிபர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த அலகுக்கு அறையை அங்கே ஒதுக்கியவர் அவர். வரைபடத்தில் அதைப் பார்த்துத் தலையாட்டியவர்கள் பலர். கட்டடம் திறந்த அன்று அந்த அறையின் கதவின் அகலத்தை அளந்து, நல்லது என்று பாராட்டிவிட்டு வந்தவள் நான். ஒருவருக்கும் தோன்றாதது அந்தத் தாய்க்கு முதல் நாளே தோன்றியிருக்கிறது.

பரீதா இன்னும் நின்றுகொண்டிருந்தார். "சேர், ஓட ஏலாத புள்ளயெல்லாம் கீழயா இரிக்கி?" என்று அதிபரைக் கேட்டார், அப்போதுதான் கேள்விப்பட்டவர்போல.

அதிபர் என் பக்கம் திரும்பினார். "மிஸ், உங்கட கடிதத்தில கீழ்த்தளம் எண்டுதானே இருக்கு?"

"ஓம் சேர். அதை மாத்தி எழுதித் தாறன்."

நம் தொழிலில் இது லேசான வசனம் இல்லை. கையொப்பம் வைத்த அறிக்கையை நூறு பேருக்கு முன்னால் திரும்ப எடுப்பதற்கு எந்தப் பாடத்திலும் பயிற்சி தருவதில்லை. ஆனால் சொன்ன பிறகு மண்டபம் இளகியது. மேலே ஏற்றுவது எப்படி என்று ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கினார்கள். மின்தூக்கி என்றார் ஒருவர். "கரண்ட் போற ஊர்ல," என்று இன்னொருவர் அதை இறக்கினார். கடைசியில், சக்கரம் உருண்டு ஏறும்படி சாய்தளம் ஒன்று கட்டுவது என்று முடிவானது.

அதுவரை தூக்குவது யார் என்ற கேள்வி எழுந்தது. முதலில் அன்சார் தூக்கினார். ஆனால் மீன் வியாபாரம் விடியலில் தொடங்கிப் பாடசாலை மணியடிக்கும் நேரத்தில்தான் சூடுபிடிக்கும். பாதியில் விட்டுவிட்டு வந்தார். பின்னேரமானால் அரைப் பெட்டி மீன் மிஞ்சியது. ஆண் ஆசிரியர்கள் தூக்க முன்வந்தார்கள். றமீஸா மரியாதையாக மறுத்தார். "இப்ப தூக்கலாம், சேர். கொஞ்ச நாளில இவ பெரிய புள்ள. அப்ப திருப்பியும் வந்து ஒங்களுக்கு முன்னால நிக்கணும் நான்." இதை வெட்கம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். இந்த ஊரில் வளரும் பெண்பிள்ளைக்கு உதவி திட்டமிடும்போது இதுவும் ஓர் அளவு. கதவின் அகலம்போலத்தான்.

ஆகவே வகுப்புப் பிள்ளைகளின் உம்மாமார் முறை வைத்துத் தூக்கினார்கள். கைபிடியுள்ள கதிரையில் இருத்தி, முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு இருவர். தூக்கப் பழக்கிக் கொடுக்க நான் போனேன்.

"முதுக வளைக்காதீங்க. முழங்கால மடிச்சு எழும்புங்க."

"முழங்கால மடிச்சா மறுகா எழும்புறது யாரு, மிஸ்? எங்களயும் தூக்க ஆள் வேணும்."

"இவ என்ன தின்ற, றமீஸா? பாறைக் கருவாடா?"

கதிரையில் இருந்தவள் சும்மா இருக்கவில்லை. "மெதுவா, மாமி. நான் என்ன அரிசி மூட்டையா? மூட்டையெண்டாலும் பாத்துத்தான் வைப்பாங்க." அன்று கதிரையின் பின்பக்கக் காலைப் பிடித்திருந்தவர் பரீதா. அவர் சிரித்ததை அங்கே நின்ற பலர் அப்போதுதான் முதன்முறையாகக் கண்டார்கள் என்று பிறகு றமீஸா சொன்னார்.

சாய்தளத்துக்கு அனுமதி வேண்டி வலயக் கல்வி அலுவலகத்துக்கு றமீஸாவும் நானும் போனோம். முதல் தடவை அலுவலர், "ஒரு பிள்ளைக்காக இவ்வளவு பெரிய வேலையா?" என்றார். வெளியே வந்து வாகை மரத்தடியில் நின்று யாருக்கெல்லாம் அந்த வழி வேண்டும் என்று இருவருமாகச் சொல்லிப் பார்த்தோம். நான் அலகுப் பிள்ளைகளைச் சொன்னேன். றமீஸாவுக்கு இன்னும் பலர் நினைவுக்கு வந்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு படியேறும் ஆசிரியை. கால் முறிந்து வரும் பிள்ளைகள். எச்சரிக்கை வந்தால் அந்த மாடியை நம்பி ஓடிவரும் சுற்றுவட்ட ஒழுங்கைகளின் சனம், அவர்களில் கட்டிலோடு கிடக்கும் வயோதிபர்கள். அடுத்த தடவை அலுவலர் அதே கேள்வியைக் கேட்டபோது, "ஒரு புள்ளைக்கு இல்ல, சேர். நாளைக்கு உங்களுக்கும் எனக்கும் வயசு போகும்," என்றார் றமீஸா. அலுவலர் சிரித்துவிட்டுக் கோப்பைத் திறந்தார்.

அனுமதி கிடைத்த பிறகு என் பக்கத்துக் கணக்கு இடித்தது. ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மாடி ஏற எவ்வளவு வேண்டும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். கட்டடத்தின் பின்னால் மடக்கி மடக்கிக் கொண்டுபோனாலும் அகலம் போதவில்லை. மேசன்மார் செங்குத்தாக்கித் தருகிறோம் என்றார்கள். "தோணி இழுக்கிற மாதிரி இழுத்து ஏத்திரலாம், மிஸ்."

"இழுக்கிறதுக்கு இல்ல, காக்கா. அவ தானா ஏறணும்," என்றேன். அதில் மட்டும் நான் அசையவில்லை. விட்டுக்கொடுக்க வேண்டியது எது, கூடாதது எது என்று எப்படிப் பிரிப்பது என்று கேட்டீர்கள் அல்லவா. இடம், ஒழுங்கு, யார் தூக்குவது, இதெல்லாம் குடும்பமும் ஊரும் தீர்மானிக்கட்டும். சாய்வு நம்முடையது. அதில் பிழைத்தால் பிள்ளை பின்னோக்கி உருளும்.

பின்மதிலைக் கொஞ்சம் தள்ளினால் எல்லாம் சரிவரும். ஆனால் மதிலுக்கு அப்பால் பரீதாவின் வளவு. அதைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. இந்த ஊரில் வீடும் வளவும் மகளுக்கு உரியவை. மகள் பிறந்த நாளிலிருந்தே அவளுக்கென்று ஒரு துண்டை ஒதுக்குவார்கள், கலியாணத்துக்கு முன் வீட்டைக் கட்டி முடிப்பார்கள். பரீதா அந்த வளவை விற்கவும் இல்லை, அங்கே வீடு கட்டவும் இல்லை. மீள்குடியேற்றத் திட்டத்தில் வீடு கிடைத்துப் போன பிறகும் கிழமைக்கு ஒருதரம் வந்து வளவைக் கூட்டிவிட்டுப் போவார்.

நாங்கள் கேட்கவில்லை. நானும் மேசனும் நூல் பிடித்து அளந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றதை அவர் மதிலுக்கு அப்பால், கையில் விளக்குமாறோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு இடம் குறையுது?"

மேசன் தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "ஆறடி, ராத்தா."

"மதில ஒடைங்க."

"ராத்தா, அது மகளுக்கு எண்டு..."

"ஓம். பொம்புளப் புள்ளைக்கு எண்டு வச்ச வளவுதான்." விளக்குமாற்றை மதிலில் சாய்த்து வைத்தார். "ஆறடியில என்னத்த ஏறி இறங்குற? பத்தா எடுங்க. கிணத்த மட்டும் விடுங்க."

பத்தடியே எடுத்தோம். அதனால்தான் இன்று அந்தச் சாய்தளத்தின் திருப்பங்களில் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க முடிகிறது. பார்க்க வரும் பொறியியலாளர்கள் எல்லோரும் அதைப் பாராட்டுவார்கள்.

வேலை முடிந்த அன்று விழா ஏதும் வைக்கவில்லை. சீமெந்து காய்ந்துவிட்டது என்று மேசன் சொன்னதும் ஹஸ்னா வோக்கரைக் கீழே ஊன்றினாள். அதற்குள் ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். அன்சார் பின்னால் போகப் பார்த்தார், றமீஸா அவருடைய சேர்ட்டைப் பிடித்து நிறுத்தினார். முதல் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். இரண்டாவதில் கைபிடி சற்றுத் தாழ்வு என்று எனக்கு முறைப்பாடு சொன்னாள். மேலே போய்ச் சேர நெடுநேரம் எடுத்தது. ஒருவரும் கை தட்டவில்லை, எல்லோரும் அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேலே போனவுடன் திரும்பிப் பார்த்தாள். பரீதா சாய்தளத்தின் அடியில், முன்பு அவருடைய வளவாக இருந்த மண்ணில், தனியாக நின்றார்.

"ஏறி வாங்க, மாமி. இங்கருந்து கடல் தெரியுது."

"கடலப் பாக்க எனக்கு ஆசை இல்ல, மகள்."

ஹஸ்னா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப என்ட வகுப்ப வந்து பாருங்க."

பரீதா செருப்பைக் கழற்றி அடியில் ஓரமாக வைத்தார். கைபிடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக ஏறினார். அடுத்த கிழமை விசேட கல்வி அலகும் மேலே போனது. கீழே அந்த அறையில் இப்போது விளையாட்டுச் சாமான்கள் இருக்கின்றன. கடல் எடுத்தால் எடுத்துக்கொண்டு போகட்டும்.

நீங்கள் இனிக் கடிதம் எழுதுவீர்கள். அளவுகளைச் சரியாக எடுங்கள், அதில் உங்களை யாரும் மிஞ்ச விடாதீர்கள். ஆனால் பேனையை எடுக்கும் முன் பிள்ளையின் உம்மாவிடமும் வாப்பாவிடமும் கேளுங்கள்: எதற்குப் பயப்படுகிறீர்கள், எங்கே பிள்ளை இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று. சொல்ல வந்ததை அவர்கள் சொல்லி முடிக்கும் வரை பொறுங்கள்.

நான் கையளிக்கும் வரிசையில் ஒன்றைக் கையால் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் அந்தப் பாடசாலைக்குப் போய்ச் சாய்தளத்தின் கைபிடி உயரத்தை ஹஸ்னாவின் முழங்கையோடு வைத்துப் பாருங்கள். அவள் வளர்ந்துகொண்டிருக்கிறாள். உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று உங்களோடு வாதாடுவாள். அளவுநாடாவை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.